சமாதான உடன்படிக்கைகளும் நாட்டெல்லைகளும்

தோற்றுவாய்

சரித்திரம் பயிலும் மாணவருட் பலர், ஒரு பெரும் போரின் காரணங்களையும், அதிற் பொருத சேனைகளின் வெற்றி தோல்விகளையும் ஊன்றிப் படிப்பர். அப்போரை முடித்துவைத்த உடன்படிக்கையைப் பற்றிய பகுதி வந்ததும், பரீட்சைக்கு வேண்டிய ஷரத்துக்களை மட்டும் நெட்டுருச் செய்துகொண்டு அப்பாற் சென்றுவிடுவர். இஃது இயல்பே. போர்க்களம் கண்ணுக்குத் தோன்றுவதுபோல உடன்படிக்கை மேசை தோன்றுவதில்லை. ஆயினும், களத்தில் நிகழ்ந்தது சில ஆண்டுகளில் ஓய்ந்துவிட, மேசைமேல் விரித்த படத்தில் வரையப்பட்ட கோடு பல தலைமுறைகளின் வாழ்வை ஆளுகின்றது. ஆகவே அக்கோடு எவ்வாறு வரையப்படுகின்றது, அதனால் விளைவன யாவை என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

போருக்குப்பின் எல்லைகள் மாறுவது புதிதன்று. 1648-ஆம் ஆண்டின் வெஸ்ட்பேலியா உடன்படிக்கைகளும், நெப்போலியன் போர்களின் முடிவில் 1815-இல் நிறைவெய்திய வியன்னா மாநாடும் ஐரோப்பாவின் படத்தைத் திருத்தியெழுதின. அக்காலத்தில் மாகாணங்கள் அரசர்களின் உடைமைகளாக எண்ணப்பட்டன. நிலம் ஓர் அரசரிடமிருந்து மற்றோர் அரசரிடம் சென்றது; குடிகள் நிலத்தோடு சேர்ந்து சென்றனர். அவர்களைக் கேட்கவேண்டும் என்று எவரும் கருதவில்லை.

1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலக மகாயுத்தத்தின் முடிவிலேதான், மக்களின் விருப்பமே எல்லைக்கு அடிப்படையாதல் வேண்டும் என்ற கொள்கை அரசியல் மேடையில் உரத்து ஒலித்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவர் வில்ஸன் 1918 ஜனவரி 8-ஆம் நாள் வெளியிட்ட பதினான்கு அம்சங்கள் இக்கொள்கைக்கு உலகெங்கும் செல்வாக்கை அளித்தன. ஆனால் கொள்கை எளிது. அதனை நிலத்தின்மேல் இயற்றுதல் அரிது. நடு ஐரோப்பாவில் ஒரே நகரத்தில் ஒரு மொழியினரும், அதனைச் சூழ்ந்த கிராமங்களில் வேறு மொழியினரும், அடுத்த பள்ளத்தாக்கில் மூன்றாம் மொழியினரும் கலந்து வாழ்ந்தனர். எங்கே கோடு கிழிப்பினும், கோட்டின் அப்புறத்தில் சிலர் அகப்படுவர். அவர்களை என் செய்வது?

நாம் ஆராயவேண்டிய வினா இதுவே. இதற்கு நால்வகை விடைகள் கையாளப்பட்டன. அவர்களைப் பொருட்படுத்தாது விடுதல் ஒன்று. அவர்களையே கேட்டுக் கோடு வரைதல் மற்றொன்று. கோட்டை வரைந்துவிட்டு, அவர்களுக்குப் பாதுகாப்பை எழுத்தில் தருதல் மூன்றாவது. கோட்டிற்கு ஏற்ப மக்களையே இடம்பெயர்த்தல் நான்காவது. இவற்றை முறையே நோக்குவாம்.

பாரிஸ் மாநாடு

சமாதான மாநாடு 1919 ஜனவரி 18-ஆம் நாள் பாரிஸில் கூடியது. நாற்பத்தெட்டு ஆண்டுகட்குமுன், 1871-இல், இதே நாளிலேதான் வெர்சேல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மன் சாம்ராஜ்யம் பிரகடனம் செய்யப்பட்டது. அந்த மண்டபத்திலேயே 1919 ஜூன் 28-இல் ஜெர்மனி கையொப்பமிட வேண்டியதாயிற்று. பழைய அவமானத்துக்கு ஈடு செய்துகொள்ள வேண்டும் என்னும் எண்ணம் பிரான்ஸின் உள்ளத்தில் இருந்தது என்பதற்கு இவ்விடத் தெரிவே சான்று.

தோற்ற நாடுகளுக்கு மாநாட்டில் இடமில்லை. வரைவு முடிந்தபின் அவர்கள் அழைக்கப்பட்டு, எழுத்து மூலமாகத் தம் மறுப்பைத் தெரிவிக்க மட்டும் அனுமதிக்கப்பெற்றனர். ஜெர்மனியோடு வெர்சேல்ஸ் உடன்படிக்கை. ஆஸ்திரியாவோடு 1919 செப்டம்பர் 10-இல் ஸான் ஜெர்மேன் உடன்படிக்கை. பல்கேரியாவோடு அவ்வாண்டு நவம்பர் 27-இல் நுய்யி உடன்படிக்கை. ஹங்கேரியோடு 1920 ஜூன் 4-இல் திரியானோன் உடன்படிக்கை. துருக்கியோடு 1920 ஆகஸ்டு 10-இல் ஸேவ்ர் உடன்படிக்கை: இவ்வைந்தும் பாரிஸைச் சூழ்ந்த ஊர்களினதும் அரண்மனைகளினதும் பெயர்களால் வழங்குகின்றன.

வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பாக இந்தியா மந்திரி மாண்டேகும், பிக்கானீர் மகாராஜா கங்கா சிங்கும் கையொப்பமிட்டனர். அதன் பயனாக இந்தியா சர்வதேச சங்கத்தின் தொடக்க உறுப்பு நாடுகளுள் ஒன்றாயிற்று. போலந்து மக்களுக்கும் செக் மக்களுக்கும் தம் ஆட்சியைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று கூறிய அம்மேசையில், இந்தியாவைப்பற்றி அவ்வினா எழவேயில்லை. ஜெர்மனியின் குடியேற்ற நாடுகளும், துருக்கியின் அரபு மாகாணங்களும் மேற்பார்வை ஆட்சி என்ற பெயரால் வென்றவர் கைக்கே சென்றன. தன்னுரிமைக் கொள்கை ஐரோப்பாவிற்கு உள்ளேயே ஒருதலையாக நின்றது என்பதையும் நாம் இங்கே குறித்துக்கொள்ளல் தகும்.

கேளாது வரைந்த கோடு

முதல் வகைக்குத் தெளிந்த எடுத்துக்காட்டு ஹங்கேரி. குரோவேஷியா நீங்கலாக ஏறத்தாழ 1,09,000 சதுர மைல் பரப்புடையதாயிருந்த அந்நாடு, திரியானோன் உடன்படிக்கையால் ஏறத்தாழ 36,000 சதுர மைலாகக் குறுகியது. 182 இலட்சமாயிருந்த ஜனத்தொகை 76 இலட்சமாயிற்று. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட ஹங்கேரி மொழியினர் ருமேனியா, செக்கோஸ்லோவாக்கியா, யூகோஸ்லாவியா முதலிய அயல் நாடுகளின் பிரஜைகளாயினர்.

இதனைக் கேட்ட அளவில், ஹங்கேரிக்கு இழைக்கப்பட்டது முற்றும் அநீதியே என்று முடிவு செய்தல் ஆகாது. பழைய ஹங்கேரியின் மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஸ்லோவாக்கியர், ருமேனியர், ஜெர்மானியர், செர்பியர் முதலிய பிற மொழியினர். அவர்கள் மீது ஹங்கேரி மொழி வலிந்து ஏற்றப்பட்டது. 1907-இல் கல்வி மந்திரியாயிருந்த அப்பொன்யி கோமகன் இயற்றிய பள்ளிச் சட்டம் இதற்குப் பேர்பெற்றது. அதே அப்பொன்யி, 1920 ஜனவரியில் ஹங்கேரியின் தூதுக்குழுத் தலைவராகப் பாரிஸில் நின்று, பிரிக்கப்படும் நிலங்களிலுள்ள மக்களை வாக்கெடுத்துக் கேளுங்கள் என்று வேண்டினார். அதிகாரம் கையிலிருந்தபோது மறுத்த நீதியை, அதிகாரம் இழந்தபோது அவர் நாடியதை மாணவர் நினைவிற் கொள்வாராக. ஆயினும் வேண்டுகோள் யாருடையதாயினும், அது நேர்மையான வேண்டுகோளே. அது மறுக்கப்பட்டது.

மறுத்ததன் காரணம் யாது? கோடு மொழியை மட்டும் தொடரவில்லை. சத்மார், நாகிவாரத், ஆராத் என்னும் நகரங்களை இணைத்து வடக்குத் தெற்காக ஓடிய இருப்புப்பாதை ருமேனியாவிற்குப் போக்குவரத்துக்கும் பாதுகாப்புக்கும் வேண்டும் எனக் கருதப்பட்டது. ஆகவே பாதையோடு, ஹங்கேரி மொழியினர் மிக்கிருந்த அந்நகரங்களும் சென்றன. செக்கோஸ்லோவாக்கியாவிற்கு டான்யூபு நதியில் துறைமுகம் வேண்டும் எனப்பட்டது. ஆகவே நதியின் வடகரையிலிருந்த ஹங்கேரியக் கிராமங்கள் சென்றன. நதியின் இருகரையிலும் பரந்து ஒரே நகரமாய் விளங்கிய கொமாரோம், வடபாதி ஒரு நாடும் தென்பாதி ஒரு நாடுமாயிற்று. பாலம் அங்கேயே நின்றது. அதனைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று.

கையொப்பமான அந்நாளில் ஹங்கேரியில் ஆலய மணிகள் துயரொலி எழுப்பின. கறுப்புக் கொடிகள் பறந்தன. பள்ளிச் சிறுவர் நாள்தோறும் பழைய ஹங்கேரியின் மீட்சியை வேண்டி ஓதுமாறு கற்பிக்கப்பெற்றனர். இழந்ததை மீட்டல் என்னும் ஒரே நோக்கம் அந்நாட்டின் அரசியல் முழுவதையும் கவ்விக்கொண்டது. அந்நோக்கமே அதனை ஹிட்லரின் துணைக்கு இழுத்துச் சென்றது. 1938 நவம்பரிலும் 1940 ஆகஸ்டிலும் வியன்னாவில் ஜெர்மனியும் இத்தாலியும் கூறிய தீர்ப்புகளால் இழந்த நிலத்தில் ஒரு பகுதி மீண்டது. அதற்கு விலையாக ஹங்கேரி இரண்டாம் உலக மகாயுத்தத்தில் புகுந்து அழிந்தது. 1947 பிப்ரவரி 10-இல் பாரிஸில் ஒப்பமான உடன்படிக்கை பழைய திரியானோன் எல்லையையே, சிறு மாறுதலுடன், மறுபடியும் நிறுவியது. 2010 முதல் ஜூன் 4-ஆம் நாள் அந்நாட்டில் தேசிய ஒருமைப்பாட்டு நாளாக நினைவுகூரப்படுகின்றது. நூறாண்டு கழிந்தும் அப்புண் முற்றும் ஆறவில்லை.

கேளாது வரையும் கோட்டின் நிலையாமைக்கு மற்றொரு சான்றும் கூறலாம். கார்ப்பேத்திய மலையடியிலுள்ள உஷ்ஹரத் நகரம் 1918 வரை ஹங்கேரி இராஜ்யத்தில் இருந்தது. 1919 முதல் செக்கோஸ்லோவாக்கியாவில். 1938 முதல் மீண்டும் ஹங்கேரியில். 1945 முதல் சோவியத் நாட்டில். 1991 முதல் உக்ரேனில். அந்நகரத்தில் 1910-இல் பிறந்த ஒரு குழந்தை, தன் தெருவை விட்டு ஒருநாளும் நீங்காமலே, முதுமைக்குள் நான்கு நாடுகளின் பிரஜையாய், நான்குமுறை ஆட்சி மாறக் கண்டிருக்கலாம்.

கேட்டு வரைந்த கோடு

இனி இரண்டாம் வகையைக் காண்போம். ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் இடையிலுள்ள ஷ்லெஸ்விக் மாகாணத்தை 1864-இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போரிட்டு டென்மார்க்கிடமிருந்து பறித்தன. அதன் வடபகுதி மக்களின் வாக்கைக் கேட்பதாக 1866-ஆம் ஆண்டுப் பிராக் உடன்படிக்கையில் எழுதப்பட்ட ஷரத்து நிறைவேற்றப்படாமலே நீக்கப்பட்டது. மகாயுத்தத்தில் டென்மார்க் நடுநிலை வகித்த நாடு. ஆயினும், ஜெர்மனி தோற்றபின் அது தன் பழைய குறையை முறையிட, வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் வாக்கெடுப்புக்கு வழி செய்யப்பட்டது.

மாகாணம் இரு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. வட மண்டலத்தில் 1920 பிப்ரவரி 10-இல் வாக்கெடுத்தபோது நூற்றுக்கு 75 பேர் டென்மார்க்கை விரும்பினர். அடுத்த மண்டலத்தில் மார்ச்சு 14-இல் வாக்கெடுத்தபோது நூற்றுக்கு 80 பேர் ஜெர்மனியை விரும்பினர். இவ்விரு மண்டலங்களுக்கும் இடைப்பட்ட கோடே எல்லையாயிற்று.

இங்கே ஒரு நிகழ்ச்சி கருதத்தக்கது. தென் மண்டலத்திலிருந்த பிளென்ஸ்பர்க் நகரம் பழைய பெருமை வாய்ந்தது. மக்கள் வாக்கு எவ்வாறாயினும் அந்நகரம் தமக்கே வேண்டும் என்று டென்மார்க்கில் ஒரு சாரார் கிளர்ந்தனர். அரசர் பத்தாம் கிறிஸ்டியானும் அவர்கள் பக்கம் சாய்ந்து, அதற்கு இசையாத முதன்மந்திரி ஸாலேயைப் பதவியினின்று நீக்கினார். நாடு கொந்தளித்தது, பொது வேலைநிறுத்தம் மூளும் நிலை வந்தது. அரசர் பணிய நேர்ந்தது. வாக்கு காட்டிய கோடே நின்றது. பெறக்கூடியதைப் பெறாது, வாக்கு அளித்ததை மட்டும் பெற்றுக்கொள்ளும் அடக்கம் வெற்றி பெற்றது என்னலாம். இரண்டாம் மகாயுத்தத்தின்பின் ஜெர்மனி மீண்டும் வீழ்ந்து கிடந்தபோதும் டென்மார்க் அரசாங்கம் எல்லையை நகர்த்தக் கோரவில்லை. 1955-இல் இரு நாடுகளும் தத்தம் நாட்டிலுள்ள சிறுபான்மையோருக்கு உரிமைகளை அறிவித்தன. அக்கோடு இன்றளவும் அசையவில்லை.

வாக்கெடுப்பு மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. மொழியைக் கொண்டு மனத்தை அளந்துவிடலாம் என்று பாரிஸில் பலர் நம்பினர். காரிந்தியாவின் தென் மண்டலத்தில் பெரும்பான்மையோர் ஸ்லோவீன் மொழியினர்; எனினும் 1920 அக்டோபர் 10-இல் நூற்றுக்கு 59 பேர் யூகோஸ்லாவியாவை விடுத்து ஆஸ்திரியாவையே விரும்பினர். தம் விளைபொருளை விற்கும் சந்தை மலைக்கு இப்பால் ஆஸ்திரியாவில் இருந்தது அவர்கள் தீர்மானத்துக்கு ஒரு காரணம். மனிதனுக்குத் தாய்மொழி உண்டு. அத்துடன் சந்தையும், உறவும், பழக்கமும், அச்சமும் உண்டு. இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து விடைகாண வல்லவன் அவன் ஒருவனே. படத்தின் முன் அமர்ந்த அறிஞன் அல்லன்.

ஆயினும் வாக்கெடுப்பும் எல்லா நோய்க்கும் மருந்தன்று. நிலக்கரியும் இரும்புத் தொழிலும் செறிந்த மேல் ஸைலீஷியாவில் 1921 மார்ச்சு 20-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர் ஜெர்மனிக்கும், 40 பேர் போலந்துக்கும் வாக்களித்தனர். ஷ்லெஸ்விக்கில் இரு மக்களும் வடக்கும் தெற்குமாகப் பிரிந்து வாழ்ந்தனர். இங்கோ நகரம் ஜெர்மனிக்கும், அதனையடுத்த கிராமம் போலந்துக்கும் வாக்களித்திருந்தன. வாக்கெடுப்பின் முன்னும் பின்னும் ஆயுதக் கிளர்ச்சிகள் மூண்டன. ஈற்றில் சர்வதேச சங்கத்தின் ஆலோசனைப்படி நிலம் பிளக்கப்பட்டது. பரப்பில் மூன்றில் ஒரு பங்கே பெற்ற போலந்துக்குச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் பெரும்பகுதி கிடைத்தது. புதிய எல்லை சுரங்க வழிகளையும், டிராம் பாதைகளையும், குடிநீர்க் குழாய்களையும் அறுத்துக்கொண்டு சென்றது. கலந்து வாழும் மக்களைப் பெரும்பான்மை வாக்கால் பிரித்தல், பின்னிய துணியைக் கத்தரியால் நிறம் பிரிப்பது போன்றதே.

எழுத்தில் தந்த பாதுகாப்பு

எவ்வாறு வரைந்தாலும் சிறுபான்மையோர் எஞ்சுவர் என்பதை உணர்ந்த பாரிஸ் மாநாட்டினர் மூன்றாம் வழியையும் வகுத்தனர். போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ருமேனியா முதலிய நாடுகள் தம் சிறுபான்மையோருக்குச் சட்டத்தின்முன் சமத்துவமும், மொழி, சமயம், பள்ளி ஆகியவற்றில் உரிமையும் அளிப்பதாகத் தனி உடன்படிக்கைகள் செய்துகொண்டன. அவற்றுள் முதலாவது, வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஒப்பமான அன்றே போலந்தோடு செய்யப்பட்டது. இவற்றைக் காத்தல் சர்வதேச சங்கத்தின் பொறுப்பாயிற்று.

இம்முறை வெறும் காகிதம் என்று இகழ்வார் உண்டு. அவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மேல் ஸைலீஷியாவைப் பிரித்தபோது, ஜெர்மனியும் போலந்தும் 1922 மே 15-இல் ஜினீவாவில் பதினைந்து ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 606 ஷரத்துக்கள் கொண்ட அவ்வொப்பந்தம் இருபுறத்துச் சிறுபான்மையோரையும் காத்தது; தனி ஒருவனும் சர்வதேச சங்கத்திற்கு நேராக மனுச்செய்யலாம் என்றது. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து யூதர்களை உத்தியோகங்களிலிருந்து நீக்கும் சட்டங்களை இயற்றியபோது, மேல் ஸைலீஷியாவில் யூதர் என்ற காரணத்தால் வேலையினின்று நீக்கப்பட்ட பிரான்ஸ் பெர்ன்ஹைம் என்பவர் அவ்வாண்டு மே மாதத்தில் ஜினீவாவுக்கு மனு அனுப்பினார். சங்கத்தின் மன்றம் அதனை ஏற்றது. தான் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை ஜெர்மனியால் உடனே மறுத்தல் இயலவில்லை. அதனால், ஒப்பந்தத்தின் தவணை முடிந்த 1937 ஜூலை வரை, ஜெர்மனியின் மற்றெப்பகுதியிலும் இல்லாத பாதுகாப்பு மேல் ஸைலீஷியாவின் யூதர்களுக்குக் கிடைத்தது. ஒரு சாதாரண மனிதர் எழுதிய ஒரு மனு, ஒரு மாகாணத்து மக்களுக்கு நான்கு ஆண்டு அவகாசம் பெற்றுத் தந்தது. அந்த அவகாசத்தின் அருமை, பின்னர் நிகழ்ந்த கொடுமைகளை அறிந்த நமக்கு நன்கு விளங்கும்.

எனினும் இம்முறை நிலைக்கவில்லை. அதன் குறை அதன் அமைப்பிலேயே இருந்தது. புதிய சிறு நாடுகளையே அது கட்டியது. பெரிய வல்லரசுகளைக் கட்டவில்லை. மேல் ஸைலீஷியாவிற்கு அப்பால் ஜெர்மனிக்கு அக்கடமை இல்லை. ஜெர்மன் மொழியினர் வாழ்ந்த நிலத்தைப் பெற்ற இத்தாலிக்கும் இல்லை. எல்லா நாடுகளுக்கும் பொதுவான விதி வரும்வரை தாம் ஒத்துழைக்க இயலாது என்று 1934 செப்டம்பரில் போலந்து அறிவித்தது. மேலும், சிறுபான்மையோர் உரிமை என்னும் நல்ல பெயரையே ஹிட்லர் தன் ஆயுதமாக்கினான். செக்கோஸ்லோவாக்கியாவில் வாழ்ந்த ஏறத்தாழ முப்பது இலட்சம் ஜெர்மானியரைச் சாக்காகக் காட்டி, 1938 செப்டம்பரில் மியூனிக் நகரில் அந்நாட்டின் எல்லைப்புறத்தைப் பெற்றான். ஆறு மாதத்துக்குள் எஞ்சிய பகுதியிலும் புகுந்தான். வெர்சேல்ஸ் உடன்படிக்கை தனி நகரமாக்கிய டான்ஸிக்கைக் காரணமாகக் கூறி, 1939 செப்டம்பர் 1-இல் போலந்தின்மீது போர் தொடுத்தான்.

மக்களையே மாற்றியது

நான்காம் வழி துருக்கியோடு தொடர்புடையது. ஸேவ்ர் உடன்படிக்கை துருக்கி சாம்ராஜ்யத்தைத் துண்டாடியது. ஸ்மிர்னா நகரமும் அதன் சுற்றுப்புறமும் கிரீஸின் ஆட்சிக்கு விடப்பட்டன. இவ்வுடன்படிக்கையின் நிபந்தனைகள் இந்திய முஸ்லிம்களின் மனத்தைப் பெரிதும் புண்படுத்தின. கிலாபத் இயக்கம் மூண்டது. 1920-இல் மகாத்மா காந்தி தொடங்கிய ஒத்துழையாமைக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. தொலைவில் வரைந்த ஒரு கோடு நம் நாட்டு அரசியலையும் அசைத்தது.

ஸேவ்ர் உடன்படிக்கையை முஸ்தபா கமாலும் அங்காராவில் கூடிய தேசிய சபையும் ஏற்க மறுத்துப் போர் புரிந்தனர். 1922 செப்டம்பரில் கிரேக்க சேனை சின்ன ஆசியாவினின்று துரத்தப்பட்டது, ஸ்மிர்னா தீக்கிரையாயிற்று. இலட்சக்கணக்கான கிரேக்கர் கப்பலேறி ஓடினர். அதன்பின் லோஸான் நகரில் கூடிய மாநாட்டில் துருக்கி தோற்ற நாடாக அன்று, சமநாடாக அமர்ந்து பேசியது. 1923 ஜூலை 24-இல் ஒப்பமான லோஸான் உடன்படிக்கை, முன்கூறிய ஐந்தனுள் இறுதியானதை நீக்கி, அதனிடத்தில் நின்றது.

அதற்கு முன், 1923 ஜனவரி 30-இல் கிரீஸும் துருக்கியும் ஒரு தனி ஒப்பந்தம் செய்துகொண்டன. துருக்கியிலுள்ள கிரேக்க வைதிகத் திருச்சபையினரும், கிரீஸிலுள்ள முஸ்லிம்களும் கட்டாயமாகப் பரிமாறிக் கொள்ளப்படுவர். அரசாங்க அனுமதியின்றித் திரும்புதல் கூடாது என்பது அதன் சாரம். கான்ஸ்டாண்டிநோபிளின் கிரேக்கரும், மேற்குத் திரேஸின் முஸ்லிம்களும் மட்டும் விலக்கப்பட்டனர். கிரீஸுக்குச் சென்றோர் 12 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலோர் ஒப்பந்தத்துக்கு முன்னரே ஓடிவந்தவர். அவர்கள் திரும்பும் வழியை ஒப்பந்தம் அடைத்தது. துருக்கிக்குச் சென்றோர் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். 1928-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் கிரீஸின் 62 இலட்சம் மக்களுள் ஐவருள் ஒருவர் அகதியாயிருந்தார்.

யாரை அனுப்புவது என்பதற்குச் சமயமே அளவுகோலாயிற்று, மொழி நோக்கப்படவில்லை. அனதோலியாவின் உட்பகுதியில் துருக்கி மொழியையே தாய்மொழியாகப் பேசிய கிறிஸ்தவர் கிரீஸுக்கு அனுப்பப்பட்டனர். கிரீட் தீவில் கிரேக்க மொழியையே பேசிய முஸ்லிம்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டனர். இருதிறத்தாரும் தம் தாய்நாடு என்று சொல்லப்பட்ட இடத்தில், தம் மொழி விளங்காத அந்நியராய் இறங்கினர். புதிய ஊர்களுக்கு விட்டுவந்த ஊர்களின் பெயரையே இட்டுக்கொண்டனர். ஏதென்ஸை அடுத்த நேயா ஸ்மிர்னி, அதாவது புதிய ஸ்மிர்னா, அவ்வாறு எழுந்ததே. 1905-இல் வங்காளத்தைப் பிரித்தவராக நாம் அறிந்த கர்சன் பிரபு இம்மாநாட்டில் பிரிட்டிஷ் பிரதிநிதி. இது தீய முறை என்று அவரே கண்டித்தார். ஆயினும் வேறு வழி காணாது உடன்பட்டார்.

இவ்வைந்து சமாதானங்களுள் பெருமாறுதலின்றி இன்றும் நிற்பது லோஸான் உடன்படிக்கை ஒன்றே. இதனைக் கண்டு, மக்களைப் பெயர்த்தலே நிலையான சமாதானத்துக்கு வழி என்று பின்வந்த அரசியலார் முடிவு செய்தனர். இரண்டாம் மகாயுத்தத்தின் முடிவில் போலந்தின் எல்லைகள் மேற்கு நோக்கி நகர்த்தப்பட்டன. 1945 ஆகஸ்டில் பாட்ஸ்டாமில் கூடிய வல்லரசுகள், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி ஆகிய நாடுகளிலிருந்து ஜெர்மானியரை ஒழுங்காகவும் மனிதத்தன்மையோடும் அகற்றலாம் என இசைந்தன. நடந்ததில் ஒழுங்கும் குறைவு, மனிதத்தன்மையும் குறைவு. போரின் இறுதியிலும் அதன்பின்னுமாக ஓடியவரும் துரத்தப்பட்டவருமாக ஏறத்தாழ 120 இலட்சம் ஜெர்மானியர் வீடிழந்தனர். வழியில் மாண்டோர் மிகப் பலர். ஜெர்மனி ஒன்றானபோது, 1990 நவம்பரில், போலந்தோடு செய்த உடன்படிக்கையால் அவ்வெல்லை முடிவாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஆகவே நிலைத்தது என்பதனால் ஒரு சமாதானம் நீதியுடையதாகிவிடாது. லோஸான் நிலைத்தது இரு அரசாங்கங்களும் சமமாய் அமர்ந்து இசைந்ததனால். ஆனால் அவ்விசைவின் விலையைச் செலுத்தியோர் அம்மேசையில் இல்லை. விலக்கப்பட்ட கான்ஸ்டாண்டிநோபிள் கிரேக்கரும், அப்போது ஏறத்தாழ ஓர் இலட்சமாயிருந்தவர், வரிகளாலும் 1955-ஆம் ஆண்டுக் கலகத்தாலும் பிற இடர்களாலும் தேய்ந்து, இன்று சில ஆயிரவராயினர்.

கோட்டை மெலியச் செய்தல்

இந்நான்கினும் வேறான ஐந்தாம் வழி ஒன்று, நீண்ட துன்பத்தின்பின் ஓரிடத்தில் தோன்றியது. ஸான் ஜெர்மேன் உடன்படிக்கை தென் திரோல் என்னும் மலைநாட்டைப் பிரென்னர் கணவாய் வரை இத்தாலிக்கு அளித்தது. அங்கு வாழ்ந்தோருள் மிகப் பெரும்பாலோர் ஜெர்மன் மொழியினர். அவர்கள் கேட்கப்படவில்லை, பாதுகாப்பு உடன்படிக்கையும் இல்லை. முஸோலினியின் ஆட்சியில் அவர்தம் பள்ளிகள் மூடப்பட்டன, ஊர்ப்பெயர்கள் மாற்றப்பட்டன. 1939-இல் ஹிட்லரும் முஸோலினியும் இசைந்து, ஜெர்மனிக்குப் பெயர்தல் அல்லது தம் மொழியை மறந்து இத்தாலியராதல், இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுமாறு அவர்களைப் பணித்தனர். ஏறத்தாழ 75,000 பேர் நாடு நீங்கினர். இங்ஙனம் மேற்கூறிய தீய வழிகள் பலவும் அந்நிலத்தில் கையாளப்பட்டன.

1946 செப்டம்பர் 5-இல் இத்தாலியும் ஆஸ்திரியாவும் பாரிஸில் செய்துகொண்ட ஒப்பந்தம் கோட்டை நகர்த்தவில்லை, மக்களையும் நகர்த்தவில்லை. தம் மொழியில் கல்வியும், தம் காரியங்களைத் தாமே ஆளும் உரிமையும் அளிப்பதாகக் கூறியது. அதனை நிறைவேற்ற இத்தாலி காலம் தாழ்த்தியதால் கலகமும் குண்டுவெடிப்பும் நேர்ந்தன. ஆஸ்திரியா ஐக்கிய நாடுகள் சபையில் முறையிட்டது. 1972-இல் விரிவான தன்னாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வழக்குத் தீர்ந்தது என்று 1992-இல் ஆஸ்திரியா அறிவித்தது. 1998-இல் பிரென்னர் கணவாயின் எல்லைத் தடுப்பும் அகற்றப்பட்டது. கோடு இருந்த இடத்திலேயே இருக்கின்றது. ஆனால் அது மக்களின் வாழ்வை அறுக்காதவாறு மெலிந்துவிட்டது.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால் நாம் அறிவன யாவை? வென்றவர் தம் பாதுகாப்பையே கருதி வரைந்த கோடு, தோற்றவரின் வலிமை திரும்பும் நாளை எதிர்நோக்கியே நிற்கும். வாழ்வோரைக் கேட்டு வரைந்த கோடு, கேட்பதற்கு இயன்ற இடத்தில், உறுதியாய் நிற்கும். ஆனால் கலந்து வாழும் மக்களை வாக்கும் பிரிக்கமாட்டாது. அங்கே பாதுகாப்பு வேண்டும். அப்பாதுகாப்பு சிறியோர் பெரியோர் என்ற வேறுபாடின்றி எல்லா நாடுகளையும் கட்டினாலன்றி நிலையாது. மக்களைப் பெயர்த்தல் படத்தைச் சுத்தமாக்கும்; ஆனால் படத்துக்காக மக்கள் இல்லை, மக்களுக்காகவே படம்.

இவையெல்லாம் அரசியலாருக்கு உரியன, நமக்கென்ன எனல் ஆகாது. சரித்திர வகுப்பில் விரிக்கப்படும் படத்தில் பச்சையும் மஞ்சளுமாய்த் தீட்டிய நாடுகளைக் காணும்போது, அவற்றினிடையே ஓடும் கோடு எந்த ஆண்டில், எவரால், எவரைக் கேட்டு வரையப்பட்டது, அதன் இருபுறமும் எஞ்சியோர் நிலை என்னவாயிற்று என்று வினவக் கற்றல் மாணவர் கடன். அவ்வினாவை எழுப்பப் பழகியவர்கள், பிற்காலத்தில் தாமே ஒரு மேசையின்முன் அமரும் நிலை நேரினும், கோலை எடுக்குமுன் சற்றே நின்று எண்ணுவர் என்று நாம் நம்புகின்றோம்.